புல்லட்டா, யெஸ்டியா, ஆர்.எக்ஸ். நூறா? மதுரையில் பழைய வண்டி எடுக்க நினைப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகர்கோவில் சாலை டீக்கடை ஓரமாக நாலு பழைய வண்டி நின்றால் போதும். யாராவது ஒருவர் தன் புது வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து கேட்டுவிடுவார்: "அண்ணே, நானும் பழசு ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். எதை எடுக்கலாம்?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு வண்டியைப் பார்த்து மனசைக் கொடுத்துவிட்டவர்கள். மீதிப் பேர் வீட்டுக் கொல்லையில் தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டிய வண்டி சாக்கு போர்த்தி நிற்கும். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் 350, யெஸ்டி ரோட்கிங், யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கம் இன்னமும் ரோட்டில் ஓடுவதும் கை மாறுவதும் பெரும்பாலும் இவைதான். யமஹா ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் 1983-ல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் முதல் பழைய வண்டியாக அதை எடுக்கச் சொல்ல மாட்டேன்; பாகங்கள் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். பழைய ஸ்கூட்டர்கள் தனிக் கதை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வண்டி என்று முடிவு செய்வதற்கு முன்னால், அதைத் தொடப்போகும் மெக்கானிக் யார் என்று முடிவு செய்யுங்கள். அதற்கும் முன்னால் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மூன்றில் எதை எடுத்தாலும் சந்தோஷமாக ஓட்டலாம்.

## எதை வைத்து எடை போடுவது

நாலு விஷயம். காகிதம் சுத்தமா? வேலை தெரிந்த ஆளும் பாகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா? நீங்கள் எங்கே, எவ்வளவு ஓட்டப்போகிறீர்கள்? நாளைக்கு விற்க வேண்டி வந்தால் யார் வாங்குவார்கள்? விலையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பழைய வண்டியில் கேட்கிற விலை வேறு, ஓட்டத்துக்குக் கொண்டுவந்து முடிக்கும்போது ஆகியிருக்கும் செலவு வேறு. மலிவாக வந்த வண்டிதான் பல நேரம் கடைசியில் அதிகம் இழுக்கும்.

## காகிதம்: மூன்றுக்கும் பொது

சொந்த உபயோக இருசக்கர வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்; பேச்சுவழக்கில் இதுதான் எஃப்.சி. காட்டுவது. 20 வருஷம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. "எஃப்.சி. மட்டும் காட்டணும் தம்பி, மத்தபடி எல்லாம் கிளியர்" என்று விற்பவர் சொன்னால், அதைக் காட்டிவிட்டே கொடுக்கச் சொல்லுங்கள். அவ்வளவு சுலபம் என்றால் அவரே காட்டியிருப்பார்.

பழைய ஆர்.சி. புக் கையில் இருப்பது மட்டும் போதாது. அந்த எண் இப்போது கணினிப் பதிவில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து ஏற்ற வேண்டும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 1985-ல் திண்டுக்கல் பிரியும் வரை, 1990-களின் பிற்பாதியில் தேனி பிரியும் வரை எல்லாமே மதுரை மாவட்டம். இப்போது மதுரைக்குள்ளேயே டி.என். 58, 59, 64 என மூன்று எண்கள். 1989-க்கு முந்தைய எண் கொண்ட வண்டி என்றால், அதன் ஏடு எந்த அலுவலகத்து அலமாரியில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். ஏடு கிடைக்காவிட்டால் வண்டி அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள். பதிவில் இருப்பவர் இறந்திருந்தால் 31-ஆம் படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். தாத்தா வண்டிகள் பாதி மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி இடத்தில்தான். பதினைந்து வருஷம் கொல்லையில் கிடந்தபோது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்தியதும் சித்தப்பாவுக்கு ஞாபகம் வந்துவிடும். ஆகவே என்ஜினைப் பிரிப்பதற்கு முன் கையெழுத்துகளை வாங்கி வைத்துவிடுங்கள்.

ஐம்பது வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2021-லிருந்து தனி வின்டேஜ் பதிவு இருக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும்தான் ரோட்டில் எடுக்கலாம். வாராவாரம் ஓட்ட நினைப்பவர்களுக்கு அது ஒத்து வராது.

கடைசியாக, சேஸ் எண். ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து எண் அடித்த இடத்தை நன்றாகத் துடையுங்கள். கிரீஸும் அழுக்கும் போனபின் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தாலோ, ஒரு எழுத்து மட்டும் புதிதாக மின்னினாலோ பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

## புல்லட் 350

என்ஃபீல்டு இந்தியா 1955-ல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் இந்த வண்டியைச் செய்தது. 346 சி.சி., ஒற்றை சிலிண்டர். 2000-களின் கடைசி வரை, அங்கங்கே மாற்றங்களோடு, அதே பழைய அமைப்பு தொடர்ந்தது. அதுதான் இதன் பெரிய பலம். இத்தனை வருஷம் ஓடிய அமைப்பு என்பதால் பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. மதுரையில் எந்தப் பேட்டையிலும் புல்லட் தெரிந்த ஒருவர் இருப்பார். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று வெளியே போனாலும் கான்ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) மாற்றத் தெரிந்தவர் கிடைத்துவிடுவார். இங்கே கிடைக்காத பாகம் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும்.

ஸ்டார்ட் பண்ணுவது ஒரு பழக்கம். சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்துங்கள். ஒரு இடத்தில் முட்டும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளினால், இடப்பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வரும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரே மிதி. டைமிங் சரியாக இருந்தால் அநேகமாக முதல் மிதியிலேயே பிடிக்கும். டைமிங் முந்திக்கொண்டிருந்தால் காலைத் திருப்பி அடிக்கும். செருப்புக் காலோடு மிதிக்க வேண்டாம். பழைய மாடல்களில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வீட்டில் வேறு வண்டியும் மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவசரத்தில் பழைய பழக்கம்தான் முந்தி வரும்.

மறைந்திருக்கும் செலவு ஆயில். இதில் ஆயில் தனி அறையில் நிற்கும். ஒரு மாசம் ஓட்டாமல் நிறுத்தினால் அது மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணினால் சைலென்சர் புகை ஊரையே மறைக்கும். ரிங் போய்விட்டது என்று பயந்து என்ஜினைப் பிரிக்கக் கொடுத்தவர்கள் உண்டு. பத்து நிமிஷம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். புகை அடங்கிவிட்டால் அது இறங்கின ஆயில்தான். அடங்காவிட்டால் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றும் வேலை காத்திருக்கிறது. வாங்கப் போகும்போது விலை பேச உதவும் வித்தியாசம் இது.

இன்னொன்று, தொண்ணூறுகளின் வண்டிக்கு அறுபதுகளின் வேஷம் போட்டு விற்பது. பழைய டேங்க், பழைய சீட், கையால் கோடு போட்ட பெயிண்ட் என்று எல்லாமே கிடைக்கும். ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பு வருஷத்துக்குத்தான் காசு, அலங்காரத்துக்கு இல்லை.

## யெஸ்டி ரோட்கிங்

மூன்றில் என் மனசுக்கு நெருக்கமானது இதுதான். அதனாலேயே இதன் குறைகளைக் கூடுதலாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960-களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவாவை இங்கே செய்யத் தொடங்கியது. எழுபதுகளில் பெயர் யெஸ்டி ஆனது. ரோட்கிங் 1978-ல் வந்து, 1996-ல் தொழிற்சாலை மூடும் வரை ஓடியது. 250 சி.சி., டூ ஸ்ட்ரோக், இரண்டு சைலென்சர். கியர் லீவரை உள்பக்கமாக அழுத்தி மேலே தூக்கினால் அதுவே கிக்கர். கியர் மாற்ற அதை மிதிக்கும்போதே கிளட்சும் விலகிக் கொடுக்கும். முதல் தடவை பார்ப்பவர் நம்ப மாட்டார். அவ்வளவு எளிமையாக யோசித்துச் செய்த வண்டி.

2018-ல் வந்த புது ஜாவாவும் 2022-ல் வந்த புது யெஸ்டியும் ஃபோர் ஸ்ட்ரோக். அவற்றின் என்ஜின் பாகம் ஒன்றுகூட இதற்குச் சேராது. 1996-க்குப் பிறகு கம்பெனிப் பாகம் என்பதே கிடையாது. யாரோ ஒரு பழைய டீலர் அலமாரியில் மிஞ்சியது, வண்டி உடைத்ததில் கிடைத்தது, ஆர்வலர்கள் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்குவது, இவ்வளவுதான். யெஸ்டி எடுப்பவர் பாகத்துக்காகவே நாலு யெஸ்டிக்காரர்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த வகையில் இந்த வண்டிக்காரர்களைப் போல ஒட்டுதலான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா-யெஸ்டி தினம் என்று ஊருக்கு ஊர் கூடுகிறார்கள். கேபிள் அறுந்து நடுவழியில் நின்றால், முன்பின் தெரியாதவர் தன் வீட்டிலிருந்து கேபிள் எடுத்துக்கொண்டு வருவார்.

வாங்கும்போது கிராங்க் சீலைக் கவனியுங்கள். டூ ஸ்ட்ரோக் புகைவது இயல்புதான். ஆனால் என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை குறையாமல் வந்து, கியர் ஆயிலின் அளவும் இறங்கிக்கொண்டே போனால், சீல் போய் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது என்று அர்த்தம். சீலின் விலை சொற்பம். அதை மாற்ற என்ஜினையே இறக்கிப் பிளக்க வேண்டும், பிளந்தால் பேரிங்கையும் கான்ராடையும் பார்க்காமல் மூட மனசு வராது. கிராங்க் வேலைக்கு நல்ல லேத் பட்டறை அவசியம். மதுரையிலேயே செய்பவர்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூருக்கு அனுப்புபவர்களும் உண்டு. சைலென்சருக்குள் கரி அடைத்தால் வண்டி இழுக்காது. உள்குழாயை உருவிச் சுத்தம் செய்தாலே பாதி உயிர் திரும்பிவிடும்.

பெட்ரோலோடு 2டி ஆயிலை நாம்தான் கலக்க வேண்டும். லிட்டருக்கு 30, 40 மில்லி என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். இங்கேதான் மலைப்பாதை விஷயம் வருகிறது. சிறுமலையிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்கும்போது, என்ஜின் பிடித்து நிறுத்தட்டும் என்று கீழ் கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியபடியே வரக் கூடாது. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. சக்கரம் மட்டும் என்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும், பிஸ்டன் காய்ந்து ஜாம் ஆகிவிடும். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். டிரம் பிரேக் சூடேறினால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

## யமஹா ஆர்.எக்ஸ். 100

1985 கடைசியில் வந்து 1996-ல் நின்ற வண்டி. 98 சி.சி., 11 குதிரைத் திறன், எடை நூறு கிலோவைச் சுற்றி. இந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் பார்த்தாலே அது ஏன் அப்படிப் பறக்கிறது என்று புரியும். கீழமாசி வீதி நெரிசலிலும் சரி, நத்தம் சாலைப் பாலத்திலும் சரி, இவ்வளவு லேசாக ஓடும் பழைய வண்டி வேறில்லை. பிஸ்டன், ரிங், சீல், கேபிள் எல்லாமே சாதாரண ஸ்பேர் கடையில் கேட்டால் கிடைக்கும். என்ஜினும் சின்னது, தெரிந்தவர் கையில் ஒரே நாளில் பிரித்து மாட்டிவிடலாம்.

பிரச்சினை வண்டியைவிடச் சந்தையில்தான் அதிகம். மூன்றில் சின்ன வண்டியான இதற்குத்தான் விலை தலைகால் புரியாமல் போகிறது. நல்ல காகிதத்தோடு லட்சத்தைத் தாண்டிப் பேசுவது சாதாரணமாகிவிட்டது. ஆரம்ப வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைக் கோத்துச் செய்யப்பட்டவை. அதனால் "ஜப்பான் என்ஜின்" என்ற ஒரு வார்த்தைக்கே தனி விலை. விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். எண்ணைத் தேய்த்து அடித்தது, திருட்டு வண்டிக்கு வேறு ஆர்.சி. பொருத்தியது, ஆர்.எக்ஸ். 135-இன் 132 சி.சி. பிளாக்கை ஏற்றி நூறு என்று விற்பது, மூன்றையும் எதிர்பார்த்தே போங்கள். மண்ணெண்ணெய்த் துணி அதிகம் உழைக்க வேண்டியது இந்த வண்டியில்தான்.

வாங்கிய பின்னும் தூக்கம் குறையும். பூட்டிய கேட்டுக்குள் நிறுத்த இடமில்லாதவர் ஆர்.எக்ஸ். எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தெருவில் நிறுத்தினால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | புல்லட் 350 | யெஸ்டி ரோட்கிங் | ஆர்.எக்ஸ். 100 |
|---|---|---|---|
| மெக்கானிக் | எங்கும் | தேடிப் பிடிக்க வேண்டும் | எங்கும். பொறுமைசாலியைத் தேடுங்கள் |
| பாகம் | கடையில் | ஆர்வலர் வழியாக | கடையில். ஒரிஜினல் அரிது |
| பெரிய செலவு எங்கே | போர், ஆயில் கசிவு | கிராங்க், சீல், குரோமியம் பூச்சு | வாங்கும் விலை |
| நீண்ட பயணம் | நிதானமாக, இரண்டு பேரோடு | நன்றாக; மலை இறக்கத்தில் கவனம் | தனியாக |
| மூன்றாம் நபர் காப்பீடு, 2022 கட்டணப்படி | 1,366 ரூபாய் | 1,366 ரூபாய் | 714 ரூபாய் |
| விற்க வேண்டுமென்றால் | நிதானமாகப் போகும் | தெரிந்தவர் கைக்குத்தான் போகும் | உடனே போகும் |

மூன்றுக்கும் பொதுவாக ஒரு செலவு உண்டு. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய், டேப் வாஷர், கார்ப்பரேட்டர் சீல் எல்லாம் அதில் ஊறி நைந்துபோகும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் நிறுத்தி வைத்த வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். வாங்கியதுமே ரப்பரையெல்லாம் புதுசாக மாற்றிவிடுங்கள். மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்ப்பரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

## வட்டத்துக்குள் வாங்குவதும் விற்பதும்

புரோக்கரிடம் வாங்குவதைவிட ஓட்டுகிறவர்களிடம் வாங்குவது நல்லது. நாலு ஞாயிறு அவர்களோடு சும்மா போய் வாருங்கள். எந்த வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது, எதில் எப்போது போர் போட்டார்கள், எது விழுந்து எழுந்தது என்று எல்லாம் பேச்சுவாக்கில் வந்துவிடும். விற்கும் எண்ணத்தில் இருப்பவர் முதலில் இங்கேதான் வாயைத் திறப்பார்.

பாகம் கைமாற்றுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. உங்களிடம் உபரியாக இருக்கும் ஒரு ஸ்பீடோமீட்டரைக் கேட்டு வருபவரிடம் சந்தை விலை சொல்லாதீர்கள். அவரிடம் இருக்கும் கார்ப்பரேட்டர் நாளைக்கு உங்களுக்கு வேண்டியிருக்கும். பதுக்கி வைத்து விலை ஏற்றுகிறவர் என்று பெயர் வாங்கினால், அப்புறம் அவசரத்துக்கு ஒருவரும் போன் எடுக்க மாட்டார்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டு வண்டியை அனுப்பிவிடாதீர்கள். விற்றதை 14 நாளுக்குள் நீங்களும், 30 நாளுக்குள் வாங்கியவரும் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் இருப்பவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. நண்பர் என்று கூச்சப்படாமல் கூடவே போய் மாற்றிக் கொடுங்கள்.

## யாருக்கு எது

தினமும் வேலைக்கும் ஓட்டணும், வாரக் கடைசியில் வீட்டுக்காரம்மாவோடு வைகை அணை வரை போகணும், வண்டிக்கு இதுதான் ஒரே பட்ஜெட் என்றால் புல்லட். மறுபேச்சு வேண்டாம்.

வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்கும், மனிதர்களோடு பழகப் பிடிக்கும் என்றால் யெஸ்டி. வாங்கும் காசில் ஒரு பங்கை கிராங்க் வேலைக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

முதல் உரிமையாளரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரிந்து, காகிதம் சுத்தமாக, பூட்டி நிறுத்த இடமும் இருந்தால் ஆர்.எக்ஸ். 100. இவற்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருங்கள்.

கொல்லையில் தாத்தா வண்டி நிற்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. அது எந்த வண்டியானாலும் அதையே எடுங்கள். அதன் கதை முழுக்க வீட்டிலேயே இருக்கிறது, எண்ணை யாரும் தேய்த்திருக்க மாட்டார்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு கரண்டி ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவையுங்கள். அதுவரை கிக்கரை மிதிக்க வேண்டாம். அந்த இரண்டு நாளில் சித்தப்பாவைப் போய்ப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிடுங்கள்.